வெந்நிலத்தின் நான்கெல்லை

முன்னொரு காலத்தில், அரசருக்கு முதுகு வலித்தால் நாடே தைலம் காய்ச்ச வேண்டியிருந்த காலத்தில், உலகப்பன் என்றொரு விகடகவி இருந்தான். இருபது வருடமாக அரசரைச் சிரிக்க வைத்து வைத்து அவனுக்குச் சிரிப்பே மறந்துபோயிருந்தது.

ஒருநாள் வெந்நீர் ஊற்றில் குளித்த அரசருக்கு முதுகுவலி விட்டது. உடனே ஓர் ஆசை பிறந்தது. ஊற்றைச் சுற்றியுள்ள பொது நிலத்தைக் குத்தகைக்கு விடுவது. எடுப்பவர் பூமிக்கடியில் உள்ள சூட்டைத் தோண்டி, அரண்மனைக்கு வாய்க்காலில் வெந்நீர் அனுப்புவது. ஏலத்துக்குப் பறையறையச் சொன்னார். அமைச்சர் அம்பலத்தரசர் தம் வீட்டு முற்றத்தில் மட்டும் அறைவித்தார். போட்டிக்கு ஆளில்லாவிட்டால் கேட்டவருக்கே நிலம் என்பது சட்டம். கேட்டவர் அவர் ஒருவர்தான்.

செய்தி கேட்டு செம்பாயி உலகப்பனைத் தேடி வந்தாள். அந்த நிலத்து ஆவியில் நெல் அவித்துப் பிழைக்கும் நாற்பது பெண்களில் ஒருத்தி.

"வெறகு வாங்க வக்கில்லாமத்தான் சாமி அங்க அவிக்கிறோம். வேலி போட்டுட்டா நாங்க எங்க போவோம்?"

இன்னொரு தந்திரமா என்று உலகப்பனுக்கு மனம் சலித்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேல்துண்டை எடுத்துக்கொண்டு சபைக்கு நடந்தான்.

"அரசே, பொது நிலத்தை எடுப்பவர் நான்கெல்லையையும் வெறுங்காலால் மிதித்துச் சுற்றிவர வேண்டும். சுற்றியதற்குள் அடங்குவதே அவருடையது. தங்கள் பாட்டனார் இட்ட விதி."

"அதற்கென்ன, வழக்கம்போல் என் வேலையாள் மிதிப்பான்" என்றார் அம்பலத்தரசர்.

"தாராளமாக. மிதித்தவருக்கே நிலம் என்பதால், குத்தகை அந்த வேலையாளுக்குப் போகும்."

ஊரார் சொத்தை விழுங்கப் போகிறவருக்குச் சொந்த வேலையாள் மீதே நம்பிக்கை இல்லை. தாமே நடக்கிறேன் என்றார்.

உச்சிவெயிலில் அரசர் பார்த்திருக்க நடை தொடங்கியது. புல்தரையில் அமைச்சர் கம்பீரமாக நடந்தார். ஆவி கிளம்பும் இடம் நெருங்கியதும் உள்ளங்கால் பொசுங்கியது. துள்ளி விலகினார். சுட்ட இடமெல்லாம் விலகி விலகி, கடைசியில் அவர் சுற்றி வந்ததற்குள் கோரைப்புல்லும் நான்கு ஆடுகளும்தான் அடங்கின. சூடு முழுவதும் வெளியே நின்றது.

"அப்படியானால் என் வெந்நீர்?" என்றார் அரசர்.

உலகப்பன் செம்பாயியைக் காட்டினான். அவள் தலையில் நெற்கூடையோடு வெந்நிலம் முழுவதையும் சுற்றி வந்தாள். முப்பது வருடம் அங்கே நின்று காய்த்துப்போன பாதங்கள்; நடை மாறவேயில்லை.

"தண்ணிதானே மகராசா, அனுப்பி வைக்கிறோம். எங்க அடுப்ப மட்டும் விட்டுருங்க."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். குத்தகை நாற்பது பெண்களுக்கும் போனது. "உமக்கு என்ன வேண்டும், உலகப்பரே?"

"மூன்று நாள் வாய் திறக்காமல் இருக்க அனுமதி வேண்டும், அரசே."

அதையும் விகடமென்று எண்ணி அரசர் மறுபடி சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டு, "நாளைக்கு இதைவிட நல்லதாக ஒன்று சொல்லும்" என்று பல்லக்கில் ஏறிப் போனார்.

உலகப்பன் மாலையோடு அங்கேயே நின்றான். செம்பாயி ஒரு சாக்கை விரித்துப் போட்டாள்.

"இப்படி உக்காருங்க சாமி. நெல்லு வேக நேரமாகும். ஒண்ணும் பேச வேணாம்."