முகம் பார்க்காத ஓநாய்

மிட்டாதார் ரங்கப்பருக்கு ஓர் ஆசை வந்தால் அடுத்தவன் குடிசைக்குத்தான் ஆபத்து. காட்டில் பிடித்த ஓநாய்க்குட்டி ஒன்றை நாய்க்காரன் சடையனிடம் தள்ளினார். "வர்ற தேர்த் திருவிழாவுல இது விருந்தாளிங்க முன்னால என் காலை நக்கணும். இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணுடா!"

சடையன் ஒரு வருஷம் பாடுபட்டான். ஓநாய் வளர்ந்ததே தவிர வளையவில்லை.

திருவிழாவன்று சடையன் விருந்தாளிகள் நடுவே ஒரு பெட்டியில் கறியைப் பூட்டி வைத்து, மிட்டாதாரின் பங்களா நாயையும் ஓநாயையும் அதன்முன் விட்டான். பங்களா நாய் நாலு தரம் பிறாண்டிவிட்டு, வாலைக் குழைத்து மிட்டாதாரின் முகத்தைப் பார்த்தது. சங்கிலியில் கட்டிய ஓநாயோ வாயில் ரத்தம் வரப் பெட்டியைக் கடித்தது. ஒருவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஏண்டா, இது என்னைப் பார்க்க மாட்டேங்குது?"

"சாமி, நாயும் ஆதியில ஓநாய்தான். முறைச்சதை மனுஷன் அடிச்சுக் கொன்னான், குழைஞ்சதுக்கு எச்சிச் சோறு போட்டான். அப்படியே ஆயிரம் தலைமுறை போச்சு. எனக்கும் அந்தத் தவணையைக் குடுங்க, நக்க வச்சுடறேன். எங்க ஆளுங்களை வளைக்கவே உங்களுக்கு ஏழு தலைமுறை ஆச்சே!"

விருந்தாளிகள் வெடித்துச் சிரித்தார்கள். மிட்டாதாரின் முகம் கறுத்துப்போனது.

"சரிடா, குடிசை உனக்குத்தான்" என்று துப்பாக்கியை நீட்டினார். "இனி இது எனக்கு எதுக்கு? நீயே சுடு."

ஓநாய் இன்னும் பெட்டியைக் கடித்துக்கொண்டிருந்தது. சடையனுக்குச் சுடவும் கை வரவில்லை, துப்பாக்கியைக் கீழே வைக்கவும் துணிவு வரவில்லை. வேறு வழி தெரியாமல் அவன் திரும்பி மிட்டாதாரின் முகத்தைப் பார்த்தான்.