சித்திரையாகிப் போன ஐப்பசி

நெடுங்கரைச் சீமையை ஆண்ட மழவராயருக்கு உடம்பு கொஞ்சம் பூசினாப்போல. கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சிம்மாசனத்தையே அவருக்காக இரண்டு தடவை அகலப்படுத்தியிருந்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் வெயில் பிய்த்து உதறியது. மழை ஊற்ற வேண்டிய மாசமில்லையா அது? ஒரு பொட்டு மேகம் கிடையாது. குளத்துப் படிக்கட்டில் கால் வைக்க முடியவில்லை. கோட்டை வாசல் பீரங்கியில் சாய்ந்த காவல்காரனுக்கு முதுகு கொப்பளித்துப் போனது. நடுச் சித்திரையில்கூட இப்படி ஒரு சூட்டைப் பார்த்ததில்லை என்று ஊரில் வயசானவர்கள் எல்லாம் சத்தியம் செய்தார்கள்.

அரண்மனைக்குள் நிலைமை இன்னும் மோசம். மழவராயரின் முப்பாட்டனார் ஒரு ஐப்பசியில் வாடைக்காற்று பட்டு, ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்தவர். போகிறவர் சும்மா போகாமல் ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போனார். ஐப்பசி பிறந்தால் அரண்மனையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. எல்லாரும் கம்பளி போர்த்த வேண்டும். சபை நடுவே கணப்புச் சட்டி எரிய வேண்டும். விசிறியைத் தொட்டவர் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டே போய்விட வேண்டும்.

சட்டமென்றால் சட்டம்தானே. சேனாதிபதி கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கி உட்காரவைத்து மேலே இன்னொரு கம்பளியைப் போர்த்தினார்கள்.

அடுத்து ராஜாவுக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. மற்ற மாசங்களில் அவருக்கு விசிறி வீசுகிறவள் அங்கம்மாள். ராஜா சரிவதைப் பார்த்தவள் பதறிப்போய், மூலையில் கட்டிவைத்திருந்த மயில்தோகை விசிறியை எடுத்து வீசிவிட்டாள். ராஜா "அப்பாடா" என்று கண்ணைத் திறந்தார். எதிரே பிரதானி திருமேனிப் பிள்ளை நின்றார். சட்டம் பேசக் கிடைத்தால் அந்த மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"மகாராஜா, இவள் விசிறியைத் தொட்டுவிட்டாள். நாடு கடத்த வேண்டும்."

"என் உசிரைக் காப்பாத்தினாளே, பிள்ளை."

"காப்பாற்றியது வேறு. தொட்டது வேறு."

அங்கம்மாள் தரையில் விழுந்து அழுதாள். "மூணு பிள்ளைங்க சாமி. புருஷன் படுத்த படுக்கையா கிடக்கார். பொழுது சாயறதுக்குள்ள அவங்கள இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?"

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் முப்பாட்டனார் வார்த்தையாயிற்றே. கம்பளிக்குள் முகத்தை இழுத்துக்கொண்டார்.

அப்போது தாண்டவராயன் எழுந்தான். ராஜாவுக்கு அலுப்புத் தட்டாமல் பேச்சுக் கொடுப்பதுதான் சபையில் அவன் உத்தியோகம்.

"மகாராஜா, நம்ம நாட்டில் மாசம் பிறந்தது எப்படித் தெரியும்?"

"இது என்ன கேள்வி? நான் முரசு அடிக்கச் சொன்னால் பிறந்தது. அதுதானே வழக்கம்."

"வெளியே எரிகிறதே, அது ஐப்பசி வெயிலா?"

"சித்திரை வெயில் மாதிரி இருக்கு."

"அப்புறம் என்ன? முரசுதான் தப்பாக அடித்துவிட்டது. சித்திரை பிறந்ததென்று திருத்தி அடிக்கச் சொல்லுங்கள். சித்திரையில் விசிறி வீசுவது அங்கம்மாளின் கடமை."

ராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி விட்டத்தைப் பார்த்து நெடுநேரம் யோசித்தார். பிறகு, சட்டத்தில் இதற்குத் தடை ஒன்றும் இல்லை என்று முனகினார்.

முரசு முழங்கியது. ஐப்பசி போய்ச் சித்திரை வந்தது. கம்பளிகள் பறந்தன. ஜன்னல்கள் திறந்தன. கணப்புச் சட்டியைச் சேனாதிபதியே தூக்கிக் கிணற்றில் போட்டார். அங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீச ஆரம்பித்தாள். ராஜா ஒரு சொம்பு நீர்மோர் குடித்துவிட்டுக் காலை நீட்டினார். அந்தச் சுகம் கொஞ்ச நேரம்தான்.

வாசலில் மாட்டுச் சலங்கைச் சத்தம் கேட்டது. ஊர் விவசாயிகள் மொத்தமும் திரண்டு வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் அவர்கள் தலைவர் செங்கோடர். மாட்டையும் கலப்பையையும் சபை வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"முரசு கேட்டுச்சு மகாராஜா. பொன்னேர் பூட்ட வாங்க."

சித்திரை முதல் நாள் ராஜாதான் முதல் ஏர் பிடிக்க வேண்டும். காலில் செருப்பு கூடாது, மேலே துணி கூடாது, தலைக்குக் குடை கூடாது. ஒரு வயலை முழுசாக உழுது முடிக்க வேண்டும்.

"நான்தான் போன சித்திரையில் உழுதேனே."

"அது போன சித்திரை."

ராஜா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார். அங்கே கானல் துள்ளிக்கொண்டிருந்தது.

"தாண்டவராயா, பழையபடி ஐப்பசியே ஆக்கிவிடு."

"ஆக்கிவிடலாம். கம்பளியைக் கொண்டுவரச் சொல்லட்டுமா? அங்கம்மாளும் மூட்டை கட்ட வேண்டும்."

"ரெண்டுக்கும் நடுவில் ஏதாவது மாசம் பார்."

"புரட்டாசி இருக்கிறது. மகாராஜாவுக்கு அந்த மாசம் முழுக்க ஒருவேளைச் சாப்பாடு."

ராஜா நடுங்கிப் போனார். "ஐயையோ, அது வேண்டாம். ஆவணி?"

"ராணியின் தம்பிகள் குடும்பத்தோடு விருந்துக்கு வருகிற மாசம்."

ராஜா சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். அங்கம்மாள் வீசுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கோடர் மாடு ஓட்டும் தார்க்குச்சியை மரியாதையோடு நீட்டினார்.

"நிறுத்துங்கள். ஐப்பசியே இருக்கட்டும். முப்பாட்டனார் சட்டத்தை இந்த நிமிஷமே ரத்து செய்தேன். அங்கம்மாள் எங்கேயும் போக வேண்டாம். நீ வீசம்மா."

அங்கம்மாள் விசிறியோடு கையெடுத்துக் கும்பிட்டாள். ராஜா தாண்டவராயனை முறைத்தார்.

"பொன்னேர் ஞாபகம் உனக்கு முதலிலேயே இருந்ததுதானே?"

தாண்டவராயன் குனிந்து ஒரு கும்பிடு போட்டான். ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிம்மாசனம் கிரீச்சிட்டது. இனிமேல் விசிறிக் காற்று படும் இடத்தில்தான் தாண்டவராயனுக்கு ஆசனம் என்று அங்கேயே உத்தரவு போட்டார்.

திருமேனிப் பிள்ளைக்கு மட்டும் ஆறவில்லை. "மகாராஜா, மேலே இருக்கும் முப்பாட்டனார் கோபித்துக்கொள்ள மாட்டாரா?"

"கோபம் இருந்தால் இறங்கி வரச் சொல்லும் பிள்ளை. பூட்டின கலப்பை சும்மாதான் நிற்கிறது."