பாசியின் எண்ணெய் பாறைக்குள் போன கதை

நிலத்தில் புல்கூட முளைத்திராத அந்தக் காலத்தில், நீரில் வாழ்ந்த எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. பெரிய ஏரி ஒன்றில் அக்காள் தங்கையாக இரண்டு பாசிகள் வாழ்ந்தார்கள். மூத்தவள் கொத்தி, உருண்டை உருண்டையாகக் கொத்தாக இருப்பாள். இளையவள் இழைச்சி, நீள நீளமாக நூல் போல இருப்பாள்.

இருவருக்கும் வெயில்தான் சாப்பாடு. இழைச்சி அதை இனிப்பு மாவாக்கி உடம்பில் சேர்த்துக்கொண்டாள். கொத்தி எண்ணெயாக்கிக்கொண்டாள். எண்ணெய் இருந்ததால் கொத்தி எப்போதும் நீரின் மேலேயே மிதந்தாள். மாவு கனத்துப்போய் இழைச்சி மாலைக்குள் கீழே இறங்கிவிடுவாள். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் அக்காளின் முதுகில் வெயில் பளபளக்கும். இழைச்சிக்கு வயிறு எரியும்.

"என்னைப் பிடித்துக்கொள்ளடி, ரெண்டு பேருமே மேலே இருக்கலாம்" என்பாள் கொத்தி.

அந்த அன்பும் இழைச்சிக்கு ஆகவில்லை. 'தன்னிடம் இருப்பதைக் காட்டிக்கொள்கிறாள்' என்று நினைத்தாள். "கொத்தியின் நிறமே தனி" என்று மீன்கள் பேசிக்கொண்டு போனால், அன்று முழுக்க அவளுக்கு வெயில் தொண்டையில் இறங்காது.

ஒருநாள் ஆறு செம்மண்ணை அள்ளி வந்து ஏரியில் கொட்டியது. இழைச்சி அக்காளிடம் ஓடினாள். "பயமாக இருக்கிறது அக்கா" என்று கட்டிக்கொண்டாள். கொத்தியும் அணைத்துக்கொண்டாள். உடனே இழைச்சி தன் இழைகளால் அவளை வரிந்து சுற்றி, முழுப் பாரத்தையும் போட்டுக் கீழே இழுத்தாள். அக்காளை அடியில் விட்டுவிட்டுத் தான் மட்டும் மேலே வந்துவிடலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் இழைகள் சிக்கிக்கொண்டன. அவிழ்ப்பதற்குள் சேறு இருவரையும் மூடிவிட்டது.

இருட்டில் புழுக்கள் வந்தன. கொத்தியைக் கடித்துப் பார்த்து, "தூ, எண்ணெய்!" என்று துப்பின. பிறகு இழைச்சியைக் கடித்தன. "அடடா, இது இனிக்கிறதே!" என்று கூட்டமாய் மொய்த்தன.

"என்மேல் ஒட்டிக்கொள்ளடி, எண்ணெய் பூசிவிடுகிறேன்!" என்று கதறினாள் கொத்தி.

"இங்கேயும் உனக்குத்தானே நல்லது நடக்கிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் இழைச்சி. கொஞ்ச நேரத்தில் அவளில் ஒரு நூல்கூட மிஞ்சவில்லை.

கொத்தி தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தாள். சேற்றின்மேல் சேறு விழுந்து பாறையாக இறுகியது. பூமியின் சூடு அவளை வேக வைத்தது. பச்சை போய்க் கறுத்தாள். உடல் உருகி வெறும் எண்ணெயாகவே ஆகிவிட்டாள்.

அன்று முதல்தான், சேற்றில் புதையும் பாசியின் இனிப்பெல்லாம் புழுக்களுக்குப் போகிறது. எண்ணெய் மட்டும் அழிய வழியில்லாமல், பாறை இடுக்கில் தனியாகக் கறுத்துக் கிடக்கிறது.