நோவா லூக்காவின் நூறு பேர்

அந்தக் காலத்தில் வாய் பேசாத உயிர் என்று ஒன்றும் கிடையாது. குதிரை பேசும். கோவேறு கழுதை புறணி பேசும். கோழி முட்டையிட்டு முடித்ததும் ஊரைக் கூட்டிவைத்துப் பிரசங்கமே செய்யும். மனிதர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; பக்கத்து வீட்டுப் பேச்சைப்போலக் கேட்டும் கேட்காமலும் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அப்போது அமெரிக்க தேசத்தின் நட்டநடுவே, மருந்துக்கும் மரம் இல்லாத ஒரு புல்வெளியில், நோவா லூக்கா என்று ஓர் ஊர் இருந்தது.

லேசுப்பட்ட ஊர் இல்லை அது. செக் தேசத்திலிருந்து கப்பலேறி வந்த ஜனங்கள். இந்த வழியாகத்தான் ரயில் வரப்போகிறது என்று எவனோ சொன்னதை நம்பி, ரயிலுக்கு முன்னால் ஊரைக் கட்டிவிட்டார்கள். பலகை வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஆணியிலிருந்து அரிவாள்வரை விற்கும் ஒரு கடை, சனிக்கிழமை சாயங்காலம் ஆடுவதற்கென்றே ஒரு கூடம். ரயில் நின்றால் இறங்க மேடைகூடக் கட்டிவைத்திருந்தார்கள் என்றால் பாருங்களேன்! முந்நூறு பேர் அங்கே சமைத்துச் சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்ந்தார்கள்.

ஊரின் மேற்குக் கோடியில் லுத்மிலாவின் வீடு. பலகை வாங்க வசதி இல்லாததால், புல்லை வேரோடு கட்டி கட்டியாக வெட்டி, அந்த மண்கட்டிகளையே செங்கல்போல அடுக்கிக் கட்டிய வீடு. கூரையிலும் புல்தான். எட்டி நின்று பார்த்தால் வீடு என்றே தெரியாது, ஒரு மேடு என்றுதான் தோன்றும். கட்டிய புருஷன் முதல் குளிர்காலத்துக் காய்ச்சலிலேயே போய்விட்டான். அவளுக்கு மிச்சமிருந்த சொந்தம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி தோமாஷ் ஒருவன்தான். தாய் செத்த அன்று அவன் தொட்டிலில் கிடந்தான். தூக்கி வளர்த்தவள் அவள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்தவைதான் நம் கதைக்கு முக்கியம். அமெரிக்காவில் அதைப் புல்வெளி நாய் என்கிறார்கள். எந்தப் புண்ணியவான் வைத்த பேரோ! நாய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொழுத்த அணிலின் வாலைப் பாதியில் கத்தரித்துவிட்டால் எப்படியிருக்கும், அப்படியிருக்கும். பூமிக்குள் வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாக வாழும். அப்போதெல்லாம் நாலு காலில்தான் நடக்கும். எழுந்து நிற்கத் தெரியாது. பேச்சு மட்டும் அபாரம். புல்லில் எத்தனை வகை உண்டோ அத்தனைக்கும் பெயர் வைத்திருந்தன. அண்டை வளையில் யாருக்கு யாரோடு மனஸ்தாபம் என்பதைக் காலை முதல் மாலை வரை பேசும்.

அந்தக் கூட்டத்துக்கு மொட்டைவாலன் என்று ஒருவன் தலைவன். லுத்மிலாவின் பீன்ஸ் பாத்திக்கும் அவனே தலைவன்.

"ஏண்டா, கடவுள் இவ்வளவு பெரிய புல்வெளியைக் குடுத்திருக்கார், என் பீன்ஸ்தான் உன் கண்ணை உறுத்துதா?" என்று அவள் துடைப்பத்தோடு வருவாள்.

"புல்லு தினமும் திங்கிறதுக்கா. பீன்ஸு விசேஷத்துக்கு" என்பான் அவன், வாய் நிறைய மென்றுகொண்டே.

"இன்னிக்கு என்னடா விசேஷம்?"

"நீ பீன்ஸ் போட்டிருக்கியே, அதுதான்."

சண்டை என்னவோ சண்டைதான். ஆனால் ஒரு வருஷம் பேய்மழை பெய்து வளையெல்லாம் தண்ணீர் புகுந்தபோது, குட்டிகளையெல்லாம் பாவாடையில் அள்ளிவந்து அடுப்பங்கரையில் போட்டுக் காயவைத்தவளும் அவள்தான். "நீயும் மண்ணுக்குள்ள, நாங்களும் மண்ணுக்குள்ள. இனிமே நீ எங்களுக்கு அக்கா" என்றான் மொட்டைவாலன். அதற்குப் பிறகும் பீன்ஸைத் தின்றான். உறவு வேறு, பீன்ஸ் வேறு.

இப்படி இருக்கும்போது ரயில் வந்தது. வந்தது, ஆனால் நோவா லூக்காவுக்கு வரவில்லை. தெற்கே அரைநாள் தூரத்தில் தண்டவாளம் போட்டுக்கொண்டு அதுபாட்டுக்குப் போய்விட்டது. ஊர்க்காரர்கள் ஒருநாள் அழுதார்கள், ஒருநாள் திட்டினார்கள், மூன்றாம் நாள் எழுந்து வேலையைப் பார்த்தார்கள். என்ன வேலை தெரியுமா? வீடுகளை அஸ்திவாரத்திலிருந்து பெயர்த்து, அடியில் உருட்டுக்கட்டைகளைக் கொடுத்து, குதிரைகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு ரயிலை நோக்கிப் புறப்பட்டார்கள்! தேவாலயம் மணியோடு போயிற்று. கடை, உள்ளே சாமான் குலுங்கக் குலுங்கப் போயிற்று. ஒரு வீடு அடுப்பில் சூப்பு கொதிக்கக் கொதிக்கப் போனதை லுத்மிலா கண்ணால் பார்த்தாள்.

கடைசியாகக் கிளம்பியவள் பக்கத்து வீட்டுப் பார்போரா. லுத்மிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துடு லுத்மிலா. மண் வீட்டை இழுத்துட்டுப் போக முடியாதுதான். எங்க வீட்ல ஒரு மூலை உனக்கு இல்லாமலா போச்சு?"

"தோமாஷ் கப்பலேறிட்டான், பார்போரா. சேதி வந்துடுச்சு. அவனுக்குத் தெரிஞ்சது ஊர்ப் பேர் ஒண்ணுதான்."

பார்போரா பிடித்த கையை விடவில்லை. பிறகு, சொல்ல மனமில்லாமல் சொன்னாள். "தலைக்கணக்கு எடுக்கிற ஆள் வரப்போறார்னு என் வீட்டுக்காரர் சொன்னார். நூறு பேருக்குக் குறைஞ்சா, ஊர்ப் பேரை வரைபடத்துல இருந்தே அழிச்சுடுவாங்களாம்."

பார்போராவின் வீடு அசைந்து அசைந்து மறைந்தது. லுத்மிலா வீட்டுக்குள் போய் ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். கை பிசைந்ததே தவிர மனசு அதில் இல்லை. தோமாஷ் எந்தத் துறைமுகத்தில் இறங்குவானோ, யார் கண்டது? "நோவா லூக்காவுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்பான். வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு ஊரே இல்லையப்பா" என்பார்கள். பிள்ளை பாஷை தெரியாத தேசத்தில், வந்த வழியும் தெரியாமல் போகிற வழியும் தெரியாமல் நிற்பான். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாவின்மேலேயே கவிழ்ந்து அழுதாள்.

சன்னலோரம் பீன்ஸ் தின்றுகொண்டிருந்த மொட்டைவாலன் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, துடைப்பத்தைத் தூக்காம அழுறியே, என்ன ஆச்சு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பின்காலால் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தான்.

"நூறு பேரா? எங்க கூட்டத்துல கொழுந்தியா மக்கள் மட்டுமே நூறு தேறுமே!"

"நீங்க மனுஷங்கன்னு நான் பொய் சொல்லணுமா?"

"பொய் எதுக்கு? அவர் எத்தனை பேர் இருக்கீங்கன்னுதானே கேப்பார்? இருக்கோம்ல?"

மறுநாளே பயிற்சி தொடங்கியது. நாலு காலில் ஓடிய ஜாதி, இரண்டு காலில் நிற்பது என்றால் சும்மாவா? ஒன்று எழும், மற்றொன்றின்மேல் சாயும், அது இன்னொன்றைத் தள்ளும், வரிசை வரிசையாகக் கவிழும். முதுகு வலிக்கிறது என்று முணுமுணுத்தன. "இதுக்கா மழையில நம்ம பிள்ளைகளை அவ தூக்கிட்டு ஓடினா?" என்று மொட்டைவாலன் ஒரு அதட்டல் போட்டதும் எல்லாம் மறுபடி எழுந்தன. நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும்: "இருக்கேன்!" ஒன்று சொன்னதும் பக்கத்தில் இருப்பது சொல்ல வேண்டும். வேகமாகச் சொல்லிப் பின்பக்கமாக விழுந்தவை பாதி.

ஒரு காலைப்பொழுதில் தலைக்கணக்குக்காரர் பிக்ஸ்பி கோவேறு கழுதையில் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், கனத்த மூக்குக்கண்ணாடி. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அம்மா, நோவா லூக்கா எங்கே இருக்கு?"

"இதுதான் ஐயா."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

லுத்மிலா என்ன சொல்வதென்று தடுமாறினாள். அந்த நேரம் பார்த்து அவள் முதுகுக்குப் பின்னால் மொட்டைவாலன் எழுந்து நின்றான். கையைத் தூக்கினான். "இருக்கேன்!" என்றான். பக்கத்து வளையில் இன்னொரு குரல், "இருக்கேன்!" அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று சத்தம் புல்வெளியின் அந்தக் கோடிவரை ஓடிப் போயிற்று. பிக்ஸ்பி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். நூறைத் தாண்டியதும் விரலை விட்டுவிட்டார்.

"ஐயா, அதுகளுக்கு வாலு இருக்கு" என்றது கோவேறு கழுதை.

"நீ வாயை மூடு" என்றார் பிக்ஸ்பி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழே இறங்கி லுத்மிலாவின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "யாருக்காகம்மா இதெல்லாம்?"

"என் தம்பிக்காக ஐயா. கப்பல்ல வந்துட்டிருக்கான். ஊர்ப் பேர் ஒண்ணுதான் அவன் கையில இருக்கு."

"எனக்கும் ஒரு அண்ணன் இருந்தான்மா. வேலை தேடிப் போனான். அவன் திரும்பறதுக்குள்ள நாங்க இருந்த ஊரை அழிச்சுட்டாங்க. எங்கே போய் எங்களைத் தேடினானோ..." என்றவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ரெண்டு கால்ல நின்னு, தானே வாயைத் திறந்து இருக்கேன்னு சொன்னா, எண்ணிக்கோன்னுதான் எனக்கு உத்தரவு. வாலைப் பத்தி உத்தரவு ஒண்ணுமில்லை. ஊர்ப் பேர் இருக்கட்டும். ஆனா எனக்குப் பின்னாலயும் ஆட்கள் வருவாங்க. எப்ப வருவாங்கன்னு தெரியாது. எவன் வந்தாலும் இதே மாதிரி நின்னு சொல்லணும். ஒரு தடவை தவறினாலும் பேர் போயிடும்."

"சொல்றோம்" என்றான் மொட்டைவாலன். யோசிக்கக்கூட இல்லை அவன்.

அதுதான் வினையாயிற்று. யார் எப்போது வருவார்களோ என்று அவை ஓயாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டேயிருந்தன. மேய்ந்தால் ஒரு தடவை, மேகம் நகர்ந்தால் ஒரு தடவை. புல்லின் பெயர்களைச் சொல்ல நேரமில்லை, மறந்தன. அண்டை வளை மனஸ்தாபம் பேச நேரமில்லை, அந்தச் சொற்களும் போயின. ஒருநாள் பீன்ஸ் பாத்தியில் மொட்டைவாலனைப் பார்த்து லுத்மிலா துடைப்பத்தைத் தூக்கினாள். "இன்னிக்கு என்னடா விசேஷம்?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். எதையோ தேடினான். கடைசியில் எழுந்து நின்று, கையைத் தூக்கி, "இருக்கேன்!" என்றான்.

"அக்கான்னு கூப்பிடுடா" என்றாள் அவள். "ஒரே ஒரு தடவை கூப்பிடு."

"இருக்கேன்!"

துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பாத்தியிலேயே உட்கார்ந்தாள். எனக்காகவா பேச்சைத் தொலைத்தாய் என்று அவன் தலையைத் தடவித் தடவி அழுதாள். இஷ்டம்போலத் தின்னட்டும் என்று அன்றைக்கே பாத்தியைச் சுற்றியிருந்த வேலியைப் பிடுங்கிப் போட்டாள்.

புல் பழுத்துச் சிவந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், ரயிலடியிலிருந்து ஒரு வாலிபன் மூட்டையோடு நடந்து வந்தான். துறைமுகத்தில் வரைபடத்தைப் பார்த்து, "இதோ இருக்கே நோவா லூக்கா" என்றுதான் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அவனோ எங்கு பார்த்தாலும் புல்லைத்தான் கண்டான். வீடு இல்லை, புகை இல்லை. ஏமாந்துவிட்டோம் என்று மூட்டையைத் தோள் மாற்றித் திரும்பினான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "இருக்கேன்!"

திரும்பிப் பார்த்தான். ஒரு மண்குவியலின்மேல் ஏதோ ஒன்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது. அடுத்தது எழுந்தது. அதற்கடுத்தது. குரல் ஓடிய பக்கமாக அவன் கண்ணும் ஓடியது. குரல் முடிந்த இடத்தில், பூமியில் ஒரு கதவு திறந்தது. மாவு ஒட்டிய கையோடு ஒருத்தி வெளியே வந்தாள். வந்திருப்பது எந்த அதிகாரியோ என்று நினைத்து, பழக்கதோஷத்தில் அவளும் இரண்டு கையையும் தூக்கிச் சத்தம் போட்டாள்.

"இருக்கேன்!"

வாலிபனின் மூட்டை கீழே விழுந்தது.

"அக்கா!" என்றான்.

அந்தச் சொல்லைக் கேட்டு அவளுக்கு எவ்வளவு காலமாயிற்று! ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் மாவாயிற்று, மாவெல்லாம் கண்ணீராயிற்று. பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மொட்டைவாலனிடம் போனாள்.

"பாருடா, வந்துட்டான். போதும்டா. இனிமே நீங்க நிக்க வேண்டாம்."

மொட்டைவாலன் அவளைப் பார்த்தான், தோமாஷைப் பார்த்தான். நிமிர்ந்து நின்று, கையைத் தூக்கி, உரக்கச் சொன்னான். "இருக்கேன்!" அவன் சொன்னதை அந்தக் கோடிவரை எல்லாம் திருப்பிச் சொல்லின. வந்துவிட்டான் என்பதை அவற்றுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பதென்று லுத்மிலாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்று முதல்தான் அந்தப் புல்வெளியில் யார் தலை தெரிந்தாலும் புல்வெளி நாய்கள் இரண்டு காலில் எழுந்து, கைகளைத் தூக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் கொடுக்கின்றன. மனிதர்களும் அவை குடியிருக்கும் இடத்தை வளை என்று சொல்லாமல், மரியாதையாக ஊர் என்றே சொல்கிறார்கள்.