ஆற்று நடுவில் ஒரு கொட்டாவிக் கைதி

முன்னொரு காலத்தில் ராஜா ஒருவர் இருந்தார். அவருக்குப் பாடத் தெரியாது. பாடாமல் இருக்கவும் தெரியாது. ஒருநாள் அவர் பாடும்போது ஓடக்காரன் சடையன் கொட்டாவி விட்டுவிட்டான். பாவம், பகலெல்லாம் துடுப்புப் போட்டவன். பிடித்து அடைத்துவிட்டார்கள்.

அவன் மனைவி பொன்னுருவி அரண்மனை வாசலில் அழுது பார்த்தாள். யார் கேட்டார்கள்? நேரே அக்கரைக்குப் போனாள். அங்கே ஐந்து நாட்டு ராஜாக்களும் சேர்ந்து வைத்த பொதுச் சபை இருந்தது. எந்த ராஜாவானாலும் சரி, தன் எல்லைக்குள் குடிகளுக்குச் செய்த அநியாயத்தை அது விசாரிக்கும்.

பிரதானி அனந்தகோடிக்கு அரண்மனை விகடகவி மாசிலன்மேல் தீராத வயிற்றெரிச்சல். அவன் ராஜாவின் காதைக் கடித்தான்.

“பிரபு, சடையனை ஆற்று நடுவே படகில் அடைப்போம். ஆறு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. சபைக்கு அதிகாரம் இல்லாமல் போகும். வாதாட மாசிலனை அனுப்புங்கள். தோற்றால் அவன் தலை போகட்டும்.”

அப்படியே செய்தார்கள். விசாரணை நாளில் ராஜாவும் அனந்தகோடியோடு வேடிக்கை பார்க்க வந்தார். மாசிலன் கைகட்டி நின்றான்.

“ஐயா, படகு நிற்கிற இடம் எங்கள் எல்லை இல்லை. அங்கே எங்கள் மகாராஜாவின் ஆணை செல்லாது.”

“வழக்கு எங்களுக்கு உட்பட்டதா என்பதையும் நாங்கள்தான் தீர்மானிப்போம்,” என்றார் தலைமை நியாயாதிபதி. “மகாராஜா, இவர் சொல்வது உண்மைதானா?”

“உண்மை,” என்றார் ராஜா, மீசையை நீவியபடி.

பொன்னுருவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாசிலனோ பரிசலில் ஏறி நேரே படகுக்குப் போனான்.

“ராஜா ஆணை இங்க செல்லாதுன்னு அவரே சபையில சொல்லிட்டாரு. அப்புறம் யார் சொல்லிப்பா காவல் நிக்கிறீங்க?” என்று கேட்டான்.

காவலர்கள் விலகி வழிவிட்டார்கள். அவன் சடையனைக் கூட்டிக்கொண்டு சபைக்கே வந்துவிட்டான்.

“கைதியைத் தப்பவிட்ட துரோகி இவன். தலையை வாங்குங்கள்,” என்று குதித்தான் அனந்தகோடி.

“எந்தச் சட்டப்படிங்க?” என்றான் மாசிலன். “நடந்தது நம்ம எல்லையில இல்லையே.”

நியாயாதிபதி ராஜாவின் பக்கம் திரும்பினார். “அங்கே தங்கள் ஆணை செல்லுமென்றால் எங்கள் அதிகாரமும் செல்லும், கொட்டாவி வழக்கை இப்போதே விசாரிப்போம். செல்லாதென்றால் சடையனைப் பிடித்து வைக்கத் தங்களுக்கு உரிமையில்லை. எதுவென்று சொல்லுங்கள்.”

ராஜாவின் கை மீசையை விட்டது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சடையா, வீட்டுக்குப் போ. மாசிலா, உனக்கு என்ன வேண்டும்?”

“தாங்கள் பாடும்போது யார் கொட்டாவி விட்டாலும் குற்றமில்லை என்று ஒரு வார்த்தை போதும், பிரபு.”

“தந்தேன்,” என்ற ராஜா, சந்தோஷத்தில் அங்கேயே பாடத் தொடங்கினார். முதல் வரி முடிவதற்குள், இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த கொட்டாவியை வாய் நிறைய விட்டான் பிரதானி அனந்தகோடி.