மூன்று தண்ணீர்

“டீச்சர், இந்த ஒயினுக்குள்ள கம்பம் எங்க இருக்கு?”

வந்து சேர்ந்த நாளிலிருந்து சவரிராயனுக்கு இதே கேள்விதான். கூடை தூக்கும்போது கேட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். தூக்கத்தில் கேட்டிருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

அவருக்கு அறுபது வயது. டீச்சர் என்று அவர் அழைத்த பிலோமினாவுக்கு முப்பத்தெட்டு. பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள் என்று பிலோமினா இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். மனிதர் கேட்டால்தானே.

கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில், பிலோமினாவுக்கு நான்கு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம். அதன் ஓரத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகை. அங்கே அவர் செய்யும் சிவப்பு ஒயின்தான் சுற்றுவட்டார மாதா கோயில்களில் பூசைக்குப் போகிறது.

போன வருஷம் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சவரிராயன் அதில் அரை டம்ளர் குடித்தார். அவ்வளவுதான், ஆளே மாறிவிட்டார். மலைக்காற்று, சாரல், பந்தல் நிழல், செம்மண் எல்லாம் அந்த ஒரு வாயில் இருந்ததாக மதுரையில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். இதைச் செய்யக் கற்றுக்கொள்ளாமல் சாகமாட்டேன் என்றார்.

பிலோமினா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“அறுவடைக்கு ஒரு தொட்டி தர்றேண்ணே. பொங்குச்சுன்னா இருங்க. பொங்கலைன்னா மதுரை பஸ்.”

சவரிராயன் சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு உடனே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதில் அறுவடைக்கு முதல் நாள்தான் கிடைத்தது.

பிலோமினா பந்தலுக்கடியில் நின்று, தலைக்கு மேல் தொங்கிய குலையில் ஒரு பழத்தை விரலால் தடவினார். சாம்பல் பூத்தாற்போல் இருந்த பழத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. விரல் நுனியில் ஒட்டிய வெள்ளைப் பூச்சை சவரிராயனின் மூக்குக்கு நேரே நீட்டினார். அப்படியே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

சவரிராயனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. புரிந்துவிட்டது.

புரிந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் கத்தியும் கத்தரியும் அவித்துக் கொடுத்தவர். அங்கே தலைமை நர்ஸ் மேசையை விரலால் தடவி, ஒட்டிய தூசியை இப்படித்தான் மூக்குக்கு நேரே நீட்டுவார். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தரவா வேண்டும்.

மறுநாள் எல்லோரும் குலை வெட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். சவரிராயன் தன் பங்குக்கு வந்த இருநூறு கிலோவையும் மோட்டார் தொட்டிக்குக் கொண்டுபோனார். முதல் தண்ணீர் வெதுவெதுப்பாக, உப்புப் போட்டு. இரண்டாவது, மூன்றாவது பச்சைத் தண்ணீர். பிறகு வெள்ளை வேட்டியில் பரப்பிக் குலை குலையாகத் துடைத்தார். பழங்கள் கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னின. அப்படி ஒரு அழகை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

நசுக்கித் தொட்டியில் நிரப்பி, துணி கட்டி, சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை பிலோமினாவின் தொட்டிகள் பொங்கத் தொடங்கின. உலை கொதிப்பது போலச் சத்தம். தோலெல்லாம் மேலே ஏறி, இளஞ்சிவப்பு நுரை விளிம்பைத் தாண்டியது. கொட்டகை முழுக்க வாசனை. வேலைக்காரர்கள் கைதட்டினார்கள்.

சவரிராயன் ஓடிப்போய்த் தன் தொட்டியின் துணியைத் தூக்கினார்.

பூசை நேரத்துக் கோயில் மாதிரி அமைதியாக இருந்தது.

மூன்றாம் நாளும் அப்படியே. காதை வைத்துக் கேட்டார். செல்லம் கொஞ்சிப் பார்த்தார். கடைசியில், தேனியில் சாற்றைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் விற்கிறார்களாம், ஒரு பொட்டலம் வாங்கி வரட்டுமா என்று கெஞ்சினார். தோட்டத்தில் இல்லாதது தொட்டிக்குள் போகாது என்று பிலோமினா சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு நாள் இப்படியே கிடந்தால் சாறு கெட்டுவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

சவரிராயன் பெட்டியைக் கட்டினார். பிலோமினாவிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.

“பழத்த என்னண்ணே செஞ்சீங்க?”

சொன்னார். அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். உப்புத் தண்ணீர், பச்சைத் தண்ணீர், வேட்டி.

பிலோமினா சிரிப்பை உதட்டுக்குள் பிடித்துக்கொண்டார். நேரே பந்தலுக்குப் போய், அறுவடையில் மிஞ்சியிருந்ததில் இரண்டு குலை வெட்டினார். தண்ணீர் காட்டவில்லை, துடைக்கவில்லை. அப்படியே கையால் பிசைந்து அவருடைய தொட்டியில் போட்டுக் கலக்கினார்.

“நாளான்னைக்கு பஸ்ஸுக்குப் போங்க.”

அந்த இரண்டு நாளும் சவரிராயன் தொட்டியை விட்டு நகரவில்லை. முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் காலை ஒரே ஒரு குமிழி வந்தது. அது வெடித்த இடத்தில் மூன்று வந்தன. பிறகு எண்ண முடியவில்லை. தோல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே வந்தன. நுரை ஏறி, விளிம்பில் ஒரு கணம் யோசித்து, அவர் சட்டையிலேயே வழிந்தது.

அறுபது வயது மனிதர் கொட்டகையிலிருந்து தோட்டம் வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினார். பொங்கிருச்சு, பொங்கிருச்சு என்று எதிரே வந்தவரையெல்லாம் கட்டிப்பிடித்தார். எல்லோர் சட்டையும் சிவப்பானது. பிலோமினாவின் முன்னால் போய் மூச்சிரைக்க நின்றார்.

“டீச்சர், அந்த ரெண்டு குலைல அப்படி என்ன இருந்துச்சு?”

பிலோமினா பந்தலில் மிஞ்சியிருந்த ஒரு குலைக்குக் கையை உயர்த்தினார். ஒரு பழத்தைத் தடவினார். விரலை நீட்டினார்.

சவரிராயனின் கை, பழக்கத்தில், துடைத்துவிடத் தோள் துண்டுக்குப் போனது. பாதியில் நின்றது.

விரலையே பார்த்தார். பிறகு பந்தலைப் பார்த்தார், அதற்கு மேலே மலையைப் பார்த்தார்.

“ஐயையோ,” என்றார். “கம்பத்தையே மூணு தண்ணி விட்டுக் கழுவுனேனே, டீச்சர்.”