அரிசி நிறைஞ்சிருக்கு

"சாமி, நல்லதையே நினைச்சுக்கிட்டு இருக்கணுமா, இல்ல உள்ளதை உள்ளபடி ஒத்துக்கிடணுமா?"

கேட்டவள் சொர்ணவல்லி. வயது ஐம்பத்து மூன்று. சிறுமலை அடிவாரத்து மடத்தில் இரண்டு வருஷமாகச் சமையல் அவள் பொறுப்பு. சாமிக்கு முப்பத்தைந்து தாண்டாது. மகன் வயதுக்காரரிடம் போய் இதைக் கேட்கிறோமே என்று அவளுக்குக் கூச்சம்தான். ஆனாலும் ஏழு வருஷம் நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியாயிற்று. யாரிடமாவது கொட்டித்தானே ஆக வேண்டும்.

சாமி பீர்க்கங்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லதை நினைக்கச் சொன்னது யாரு?"

"போன மாசம் கோட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்து பேசினாரே, அவருதான். நடக்கும்னு நினைச்சா நடந்துருமாம்."

"ஒத்துக்கிடச் சொன்னது?"

"எங்க அண்ணன். அவ இனி வரமாட்டா, தலைமுழுகிட்டு வேலையைப் பாருங்கிறாரு."

"நீங்க என்ன செய்றீங்க?"

"வந்துருவான்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். வேற என்ன செய்ய?"

அவள் என்றது தேன்மொழியை. ஒரே மகள். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். சொர்ணவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்த வாசலைத் தாண்டினா திரும்ப மிதிக்காதே" என்று கத்திவிட்டாள்.

மகள் படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"போறேன்மா."

நம் வீடுகளில் அப்படிச் சொல்லிவிட்டு யாரும் கிளம்புவதில்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் "வரேன்"தான். இருபத்து மூன்று வருஷம் "வரேன்மா, வரேன்மா" என்று சொன்ன வாய், அன்றைக்குப் "போறேன்மா" என்றது. அந்த ஒரு சொல் இன்னும் அந்தப் படியிலேயே கிடக்கிறது. சொர்ணவல்லி தினமும் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போகிறாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீட்டுக்கு ஓடிவிடுவாள். கதவைத் தாழ்போட மாட்டாள். உலையில் ஒரு பிடி கூடப் போடுவாள். காலையில் அந்தச் சோற்றில் மோர் ஊற்றி அவளே குடிப்பாள். நாளைக்கு வருவாள் என்று நினைத்துக்கொண்டே குடிப்பாள்.

சாமி குடத்தைக் கீழே வைத்தார்.

"மதியத்துக்கு என்ன சமையல்?"

இவ்வளவு கேட்டதற்கு இதுதானா பதில் என்று அவளுக்குச் சுருக்கென்றது.

"அரிசி நிறைஞ்சிருக்கு சாமி" என்றாள்.

"நிறைஞ்சிருக்கா? ரொம்ப நல்லதாப் போச்சு. ஓடை வெட்ட வந்தவங்க இருபது பேரு இருக்காங்க. சாப்பிட வரச் சொல்லிடறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். சாமியோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே விட்டார். சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஓடைக்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

தெரிந்திருந்தும் பானையைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒரு பிடி.

திரும்பி வந்த சாமி பந்தலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் இங்க உக்காந்து நல்லதா நினைக்கிறேன். நீங்க உலை வைங்க."

"என்ன சாமி இது! பானையில அரிசி இல்ல!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அரிசிப் பானையைப் பார்த்து அந்தச் சொல்லை அவள் ஆயுசில் சொன்னதில்லை.

"நிறைஞ்சிருக்குன்னீங்களே?"

"தீர்ந்தா அப்படித்தானே சொல்லுவோம். உங்க வீட்ல சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க. சொல்லிட்டு என்ன செய்வாங்கங்கிறதுதான் மறந்துபோச்சு."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன செய்வாங்களா? வாய் நல்லதாச் சொல்லும், கை பையை எடுக்கும்! நிறைஞ்சிருக்குன்னு சொல்லிட்டுப் பானை முன்னால உக்காந்திருந்தா எந்த மகராசி வந்து கொட்டுவா? நாமதானே எந்திரிச்சுப் போயி..."

நிறுத்திவிட்டாள்.

ஓடைப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாமி கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணேகாலுக்கு. அதை விட்டா ரெண்டு மணிக்கு."

எந்த ஊர் பஸ் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒட்டன்சத்திரம் போகிற ஒவ்வொரு பஸ்ஸின் நேரமும் ஏழு வருஷமாக அவளுக்கு மனப்பாடம். ஒன்றில்கூட ஏறியதில்லை.

"மிதிக்காதேன்னு சொன்னது நான்தானே சாமி. நான் போயி நின்னு, அவ கதவைச் சாத்திட்டா?"

"சாத்தலாம்."

வேறு யாராவது என்றால், அப்படியெல்லாம் நடக்காதும்மா என்று சொல்லியிருப்பார்கள். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். சாமி சொல்லவில்லை.

சொர்ணவல்லி ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் பையை எடுத்தாள். அப்புறம் நினைவு வந்து நின்றாள்.

"அந்த இருபது பேருக்குச் சோறு?"

"அவங்க கட்டுச்சோறு கொண்டுவந்திருக்காங்க. நான் மழை வருமான்னு கேட்டுட்டு வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலிப்படல் வரைக்கும் விறுவிறுவென்று நடந்தாள்.

பின்னாலிருந்து சாமி கூப்பிட்டார்.

"ஒருவேளை சாத்திட்டா, அந்தக் கதவுகிட்ட என்ன சொல்லிட்டுத் திரும்புவீங்க?"

படலைப் பிடித்தபடி நின்றாள்.

"வரேன்டீன்னு சொல்லுவேன் சாமி."